தமிழ்நாட்டில் உயில் பதிவு: சேவை எதைத் தருகிறது, எங்கே சறுக்குகிறது

உயில் எழுத முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத்தாள் போதும். முத்திரைத்தீர்வை கிடையாது. பதிவும் கட்டாயமில்லை, 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு அதை எழுதுபவரின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது. விரும்பிப் பதிய வந்தால், சொத்து இருக்கும் ஊருக்குத்தான் போக வேண்டும் என்ற கட்டுப்பாடும் இல்லை. திருநெல்வேலியில் வயலும் கோவையில் வீடும் உள்ளவர், தாம் குடியிருக்கும் தாம்பரத்திலேயே இரண்டையும் ஒரே உயிலில் எழுதிப் பதிந்துவிடலாம். அதே வீட்டை இன்றைக்கே மகளுக்குச் செட்டில்மெண்டாக எழுதிக் கொடுத்தால், 2023 ஜூலையில் உயர்த்திய உச்சவரம்புகளின்படி முத்திரைத்தீர்வை 1 சதவீதம் (உச்சவரம்பு 40,000 ரூபாய்), பதிவுக் கட்டணம் 1 சதவீதம் (உச்சவரம்பு 10,000 ரூபாய்) கட்ட வேண்டியிருக்கும். உயிலுக்கு இந்தச் சதவீதக் கணக்கு இல்லை.

பதிவுத்துறை தரும் சேவைகளில், ஒரு குடும்பத்துக்கு இதைவிட மலிவாகவும் பயனுள்ளதாகவும் இன்னொன்றைச் சொல்வது கடினம். தயங்காமல் பரிந்துரைக்கலாம். ஆனால் அது எதற்கு உத்தரவாதம், எதற்கு உத்தரவாதம் இல்லை என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். "ரிஜிஸ்டர் பண்ணியாச்சு, இனி யாரும் அசைக்க முடியாது" என்று நம்பி வீடு திரும்புகிறவர்கள்தான் பிள்ளைகளுக்கு வழக்கை விட்டுச்செல்கிறார்கள். பதிவு அலுவலகம் செய்வது பாதி வேலை. மீதிப் பாதி, வாசகத்திலும் சாட்சிகளிலும் இருக்கிறது.

உயில் எழுதாமல் போனால் என்ன நடக்கும் என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் பலரும் இதைத் தவறாகவே நினைத்திருக்கிறார்கள். கணவன் இறந்தால் எல்லாம் மனைவிக்கு என்பது பொதுவான எண்ணம். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மனைவி, மகன்கள், மகள்கள், இறந்தவரின் தாய் ஆகியோர் முதல் வகை வாரிசுகள், எல்லோருக்கும் சமபங்கு. தந்தை அந்த முதல் வகையில் இல்லை. 45 வயதில் ஒருவர் மனைவியையும் இரண்டு சிறு பிள்ளைகளையும் தாயையும் விட்டுப் போனால், அவர் பெயரில் உள்ள ஃபிளாட் நான்காகப் பிரியும். தாய்க்குக் கிடைத்த கால் பங்கு, அவர் காலமானதும், அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பிரியும். ஆக, மருமகள் குடியிருக்கும் வீட்டில் கணவனின் அண்ணன் தம்பிகளுக்கும் நாத்தனாருக்கும் பங்கு வந்துவிடும். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லாமலே இது நடக்கும். அந்த வீட்டை விற்றுக் கடனை அடைக்கலாம் என்றால், மைனர் பிள்ளைகளின் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். தாயே காப்பாளராக இருந்தாலும் வேண்டும்.

பெண்களின் நிலை இதைவிடக் கடினம். அதே சட்டத்தின் 15-ஆவது பிரிவின்படி, ஓர் இந்துப் பெண்ணின் சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் போகும். அவர்கள் யாரும் இல்லையென்றால், அடுத்த இடம் கணவனின் வாரிசுகளுக்கு. அவளைப் பெற்ற தாய் தந்தை அதற்கும் பிறகுதான் வருகிறார்கள். பிள்ளையில்லாத ஓர் ஆசிரியை, கணவனை இழந்தபின் முப்பது வருடச் சம்பளத்தில் ஒரு மனையும் வைப்புத்தொகையும் சேர்த்து வைத்திருக்கிறார் என்று வையுங்கள். உயில் இல்லாமல் அவர் இறந்தால், உடனிருந்து பார்த்துக்கொண்ட சொந்தத் தாய்க்கு அதில் எதுவும் இல்லை. கணவனின் உடன்பிறந்தார் வழியினர் உரிமை கோரலாம். பெற்றோரிடமிருந்து வாரிசுரிமையாக வந்த சொத்துக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அது தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். சொந்தமாகச் சம்பாதித்ததற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே பெண்கள், குறிப்பாக இந்துப் பெண்கள், உயில் எழுதி வைக்க வேண்டும் என்று வேண்டுகோள் விடுத்தது இந்தச் சிக்கலை முன்னிட்டுத்தான். உயில் என்றால் அப்பா எழுதுவது என்ற பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அம்மா பெயரில் ஒரு சென்ட் நிலமும் நாற்பது பவுனும் இருந்தால் அம்மாவுக்கும் தனி உயில் வேண்டும்.

"நாமினி போட்டிருக்கிறோமே" என்பார்கள். வங்கியோ பங்கு நிறுவனமோ பணத்தை யாரிடம் ஒப்படைத்துவிட்டுத் தன் பொறுப்பை முடித்துக்கொள்ளலாம் என்பதைச் சொல்வதுதான் நாமினேஷன். உரிமை வாரிசுக்கோ உயிலில் குறித்தவருக்கோதான். பங்குகளைப் பற்றி 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதை மறுபடி தெளிவாக்கியது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், துணைவர், பிள்ளைகளை நாமினியாகக் குறித்தால் அவர்களே பயனாளி. 2025 நவம்பர் 1 முதல் வங்கி வைப்புக்கு நான்கு நாமினிகள் வரை, இன்னாருக்கு இத்தனை சதவீதம் என்றே குறிக்கலாம். நல்ல வசதிதான். ஆனால் நாமினி பட்டியலும் உயிலும் வேறு வேறு பெயரைச் சொன்னால் சண்டைக்கு அதுவே காரணமாகும். உயில் எழுதும் அன்றே பாஸ்புக், டீமேட், பி.எஃப். எல்லாவற்றிலும் நாமினியைச் சரிபார்த்து ஒத்துப்போகும்படி மாற்றிவிட வேண்டும்.

பதிவு அலுவலகத்தில் நடப்பது

வரைவு தயாரானதும் பதிவுத்துறை இணையதளத்தில் விவரங்களை ஏற்றி, கட்டணத்தை ஆன்லைனில் கட்டி, டோக்கன் நேரம் வாங்க வேண்டும். அசல் உயில், எழுதியவரின் ஆதார் போன்ற அடையாள அட்டை, இரண்டு சாட்சிகள், அவர்களின் அடையாள அட்டைகள் இருந்தால் போதும். தாய்ப்பத்திரத்தின் நகலைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது, எண்ணைச் சரிபார்க்க உதவும். அலுவலகத்தில் புகைப்படமும் விரல் ரேகையும் எடுப்பார்கள். இது நீங்கள் எழுதியதுதானா, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியுமா என்று சார்பதிவாளர் கேட்பார். பயனடையப்போகும் மகனோ மருமகனோ அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று பதில் எடுத்துக்கொடுக்கக் கூடாது. அவர்கள் அலுவலகத்துக்கே வராமல் இருப்பது இன்னும் நல்லது. பிறகு உயில் 3-ஆம் புத்தகத்தில் ஏறும், எண்ணும் ஆண்டும் கிடைக்கும், அசல் கைக்குத் திரும்பும்.

இந்த 3-ஆம் புத்தகம் என்பது முக்கியமான விஷயம். கிரயம், அடமானம் எல்லாம் 1-ஆம் புத்தகம். வில்லங்கச் சான்றில் வருவது அதுதான். உயில் வில்லங்கச் சான்றில் தெரியாது. எழுதியவர் உயிருடன் இருக்கும்வரை நகல் அவருக்கோ அவரது முகவருக்கோ மட்டும்தான். இறந்தபின் இறப்புச் சான்றுடன் யார் விண்ணப்பித்தாலும் நகல் கிடைக்கும். பதிந்தால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும், பிள்ளைகள் மனம் கசந்துபோகும் என்று பயந்து பதியாமல் இருப்பவர்களுக்கு இது ஆறுதல் தர வேண்டும்.

படுத்த படுக்கையாக இருப்பவருக்கும் வழி உண்டு. காரணத்தைக் காட்டி விண்ணப்பித்துத் தனிக் கட்டணம் கட்டினால், பதிவு அலுவலர் வீட்டுக்கோ மருத்துவமனைக்கோ வந்து பதிவார். பதிவுச் சட்டம் 31-ஆவது பிரிவு இதற்கு இடம் தருகிறது. மிக நல்ல ஏற்பாடு, ஆனால் இதை நம்பிக் கடைசி வாரம் வரை தள்ளிப்போடக் கூடாது. மருந்தின் மயக்கத்தில் இருக்கும்போது எழுதிய உயில், பதிந்திருந்தாலும், சந்தேகத்துக்கு ஆளாகும். எழுபதைத் தாண்டியவர்கள், "சுயநினைவுடன், தெளிவான மனநிலையில் இருக்கிறார்" என்ற மருத்துவர் சான்றை உயில் எழுதும் அதே தேதியில் வாங்கி இணைப்பது நல்லது. வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரே ஒரு சாட்சியாகக் கையெழுத்திட்டால் அதைவிட வலுவான சாட்சி கிடைப்பது அரிது.

இனி, இந்தச் சேவை தராதவை. சார்பதிவாளர் உங்களுக்கு அந்தச் சொத்தில் உரிமை இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. வாசகம் சட்டப்படி நிற்குமா என்றும் பார்ப்பதில்லை. பார்வைக்கே மனநிலை சரியில்லாதவர் என்றால் மறுக்கலாம், அவ்வளவுதான். நீங்கள் இறந்ததும் இன்னாருக்கு உயில் இருக்கிறது என்று துறை யாருக்கும் தகவல் அனுப்பாது. எந்த அலுவலகம், எந்த எண், எந்த ஆண்டு என்ற மூன்றையும் நம்பகமான ஒருவரிடம் எழுதிக் கொடுத்து வைக்காவிட்டால், பதிந்த உயிலும் யாருக்கும் தெரியாமலே கிடக்கும். பிள்ளைகள் உயில் இல்லை என்று நினைத்துப் பாகப்பிரிவினை செய்து, விற்று, வாங்கியவர் வீடும் கட்டியபின் உயில் வெளியே வந்தால் எல்லோருக்கும் நஷ்டம்.

சாட்சி: பெரும்பாலான உயில்கள் விழும் இடம்

1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு கேட்பது எளிமையானது. எழுதியவர் கையெழுத்திட வேண்டும் அல்லது ரேகை வைக்க வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள், ஒவ்வொருவரும் அவர் கையெழுத்திடுவதைப் பார்த்தோ, அது தன் கையெழுத்துதான் என்று அவர் சொல்லக் கேட்டோ, அவர் முன்னிலையில் தாங்களும் கையெழுத்திட வேண்டும். இரு சாட்சிகளும் ஒரே நேரத்தில் அங்கே இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஆனாலும் மூவரும் ஒரே மேசையில், ஒரே பேனாவில், ஒரே நேரத்தில் முடித்துவிடுவது எவ்வளவோ மேல்.

கிரயப் பத்திரத்தை நிரூபிக்கப் பதிவே பெருமளவு போதும். உயிலுக்கு அந்தச் சலுகை கிடையாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 67-ஆவது பிரிவு, பழைய சாட்சியச் சட்டத்தின் 68-ஆவது பிரிவைப் போலவே, உயிருடன் இருக்கும் சாட்சிகளில் ஒருவரையாவது கூண்டில் ஏற்றி விசாரித்தால்தான் உயிலை ஏற்கும். பதிந்த உயிலுக்கும் இதே விதிதான். அந்தச் சாட்சி வந்து, "அவர் கையெழுத்திட்டதை நான் பார்த்தேன், நான் கையெழுத்திட்டதையும் மற்ற சாட்சி கையெழுத்திட்டதையும் அவர் பார்த்தார்" என்று சொல்ல வேண்டும். "என்னைக் கூப்பிட்டார்கள், போட்டேன்" என்று சொன்னால் உயில் அங்கேயே சாயும்.

இதனால்தான் சாட்சித் தேர்வில் அவ்வளவு கவனம் வேண்டும். உங்களைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவராக, உயிலில் எந்தப் பயனும் இல்லாதவராக, பயன் பெறுபவரின் கணவனோ மனைவியோ அல்லாதவராக, நிலையான முகவரி உள்ளவராக இருக்க வேண்டும். ஒரே ஊரில் பல வருடம் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை பார்த்தவர், வங்கி அலுவலர் என்றால் நல்லது. அவர்களின் தந்தை பெயர், முகவரி, வயது எல்லாம் உயிலிலேயே இருக்கட்டும். அலுவலகத்தில் அடையாளம் காட்டக் கையெழுத்திடும் சாட்சியும் உயிலின் சாட்சியும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. அடையாளச் சாட்சியின் கையெழுத்தைக் காட்டி 63-ஆவது பிரிவை நிறைவேற்றிவிட்டதாகச் சொல்ல முடியாது. உயிலின் கடைசிப் பக்கத்தில், "கீழ்க்கண்ட சாட்சிகள் முன்னிலையில்" என்ற வாசகத்தின் கீழ் இருவரும் தனியே கையெழுத்திட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும்.

பத்திர எழுத்தர், இணைய உயில், வழக்கறிஞர்

பதிவு அலுவலக வாசலில் இருக்கும் பத்திர எழுத்தர்களிடம் ஒரு பெரிய பலம் உண்டு: சொத்து விவரம் எழுதுவதில் அவர்களைப் போல் யாரும் இல்லை. பதிவு மாவட்டம், சார்பதிவகம், கிராமம், பழைய சர்வே எண், புதிய உட்பிரிவு, பட்டா எண், நான்கெல்லை, ஏக்கர் சென்ட் கணக்கு, நகர்ப்புறமென்றால் வார்டு, பிளாக், டவுன் சர்வே எண், ஃபிளாட் என்றால் பிரிபடாத மனைப் பங்கு எத்தனை சதுர அடி என்பது வரை பிசகாமல் எழுதுவார்கள். பட்டா மாறுதலுக்குப் போகும்போது இந்தத் துல்லியம்தான் காப்பாற்றும். பெயர் விஷயத்திலும் கவனமாக இருப்பார்கள். பத்திரத்தில் இனிஷியல் ஒன்று, ஆதாரில் வேறொன்று, மணமானபின் கணவர் பெயரின் இனிஷியல் என்று நம்மூரில் ஒருவருக்கே மூன்று பெயர் இருக்கும். "இன்னார் என்கிற இன்னார்" என்று எல்லா வடிவங்களையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

அவர்களிடம் இரண்டு குறை. முதலாவது, சாட்சி இல்லையென்றால் அலுவலகத்தில் இருக்கும் உதவியாளர்களையே நிறுத்திவிடும் பழக்கம். அந்த நேரத்துக்கு அது உதவியாகத் தெரியும். இருபது வருடம் கழித்து அந்த உதவியாளர் எங்கே இருக்கிறார் என்று தேடி அலைவது உங்கள் மகள். கண்டுபிடித்தாலும், ஒரு நாளைக்குப் பல பத்திரங்களில் கையெழுத்திட்டவருக்கு உங்கள் முகம் நினைவிருக்காது. சாட்சிகளை நீங்களே அழைத்துப் போங்கள்.

இரண்டாவது, வார்ப்பு வாசகம். "என் மனைவி தன் ஆயுள்வரை எவ்வித பராதீனமும் செய்ய உரிமையின்றி ஆண்டனுபவித்து, அவர் காலத்துக்குப் பிறகு என் மகன் சர்வ சுதந்திர பாத்தியமாய் அடைய வேண்டியது" என்ற வரி தமிழ்நாட்டு உயில்களில் அடிக்கடி காணக் கிடைப்பது. எழுதியவரின் எண்ணம் நல்லது: மனைவி வீதிக்கு வந்துவிடக் கூடாது, வீடும் கைமாறக் கூடாது. ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவில் இரண்டு உட்பிரிவுகள் இருக்கின்றன. மனைவிக்கு ஏற்கெனவே இருந்த ஜீவனாம்ச உரிமையை முன்னிட்டு அந்தச் சொத்து தரப்பட்டது என்றால், உயிலில் என்ன கட்டுப்பாடு எழுதியிருந்தாலும் அது அவருக்கு முழு உரிமையாக மாறிவிடலாம். 1977-இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. உயிலால்தான் அந்த உரிமையே முதன்முதலாகப் பிறந்தது என்றால் கட்டுப்பாடு நிற்கும். ஒரே வரியை வைத்துக்கொண்டு தாயிடம் வாங்கியவரும் மகனும் எதிரெதிரே நிற்பார்கள். ஆயுட்கால உரிமை தரத்தான் வேண்டும் என்றால், மனைவியின் பராமரிப்புக்கு வேறு என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்பதைத் தனியே எழுதி, அதன் பிறகு வீட்டில் குடியிருக்கும் உரிமையை வரையறுக்க வேண்டும். இந்த ஒரு பகுதிக்காவது வழக்கறிஞரிடம் போவது பணத்துக்குத் தகும்.

வீட்டிலிருந்தே சில மணி நேரத்தில் உயில் தயாரித்துத் தரும் இணையச் சேவைகள் இப்போது நிறைய வந்துவிட்டன. கேள்வி கேட்டுக் கேட்டு நிரப்புகிற முறை உண்மையில் பயனுள்ளது. மறந்துபோன வைப்புத்தொகை, வெளிநாட்டுக் கணக்கு, யார் முதலில் இறந்தால் யாருக்கு என்பதையெல்லாம் அது நினைவுபடுத்தும். வெளியூரில், வெளிநாட்டில் இருப்பவர்கள் வரைவு தயாரிக்க நல்ல தொடக்கம். ஆனால் ஒன்று மறக்கக் கூடாது: 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் உயிலைத் தன் எல்லையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. மின்னணுக் கையெழுத்திட்ட உயில், ஓடிபி கொடுத்து உறுதிசெய்த உயில் எதுவும் உயில் ஆகாது. அச்செடுத்து, பேனாவால் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகள் நேரில் இருந்து முடித்தால்தான் அது உயில். பி.டி.எஃப். கோப்பைப் பெட்டியில் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியது நம் கடமை. இன்னொன்று, பல சேவைகளின் வரைவு ஆங்கிலத்தில் வருகிறது. எழுதுபவர் தமிழ் மட்டும் வாசிப்பவர் என்றால் உயிலும் தமிழில்தான் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதித் தமிழில் கையெழுத்திட்ட உயிலைப் பார்த்ததும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்கும் கேள்வி, உள்ளே இருப்பது அவருக்கு எப்படித் தெரியும் என்பதுதான்.

வாசகத்தில் தவறவிடக் கூடாதவை சில. உயிலில் சொன்னபடி செய்து முடிக்கும் பொறுப்பாளராக, அதாவது நிறைவேற்றுநராக, ஒருவரையும், அவர் முன்னதாக இறந்தால் மாற்று ஒருவரையும் நியமியுங்கள். பயன் பெறுபவர் உங்களுக்கு முன் இறந்தால் அந்தப் பங்கு யாருக்கு என்று எழுதுங்கள். "இதில் குறிப்பிடாத, இனி நான் அடையும் மற்ற எல்லாச் சொத்துகளும் இன்னாருக்கு" என்ற எஞ்சிய சொத்து வரி இல்லாவிட்டால், பிற்பாடு வாங்கிய மனை உயிலுக்கு வெளியே நின்றுவிடும். வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் நம்பாமல், "எந்த வங்கியில் என் பெயரில் இருந்தாலும்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். வங்கிகள் இணையும், எண்கள் மாறும். நகையை "என் நகைகள்" என்று விடாமல் இத்தனை பவுன் ஆரம், இத்தனை பவுன் வளையல் என்று எழுதுங்கள். ஒரு பிள்ளைக்குக் குறைத்துக் கொடுத்தாலோ கொடுக்காமல் விட்டாலோ, காரணத்தை இரண்டு வரியில் மரியாதையாக எழுதுவது மிக முக்கியம். "மூத்த மகளுக்குத் திருமணத்தின்போதே மனை வாங்கிக் கொடுத்துவிட்டபடியால்" என்ற ஒரு வரி, பெயரையே விட்டுவிட்ட உயிலைவிட ஆயிரம் மடங்கு உறுதியானது. இயல்பாகப் பங்கு பெற வேண்டியவரைக் காரணமின்றி விலக்குவதும், பயன் பெறுபவரே முன்நின்று உயிலைத் தயாரிப்பதும் சந்தேகத்துக்குரிய சூழ்நிலைகள் என்று 1959-இல் வெளியான வேங்கடாசல ஐயங்கார் வழக்குத் தீர்ப்பிலிருந்து நீதிமன்றங்கள் சொல்லிவருகின்றன. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க வேண்டிய பொறுப்பு உயிலைக் கொண்டுவருபவருடையது.

பூர்வீகச் சொத்தைப் பற்றி: முழுவதையும் உயிலில் எழுத முடியாது, உங்கள் பங்கை மட்டும்தான். தமிழ்நாட்டில் 1989 திருத்தமும் 2005 மத்தியத் திருத்தமும் மகள்களையும் பங்காளிகளாக ஆக்கியபின், "நான் மகன்களுக்கே எழுதிவிட்டேன்" என்பது உங்கள் பங்கோடு நின்றுவிடும்.

மதத்துக்கு ஏற்ப விதி மாறும் இடங்களும் உண்டு. இஸ்லாமியர் இறுதிச் செலவும் கடனும் போக மீதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலில் கொடுக்க மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். சுன்னி முறைப்படி வாரிசு ஒருவருக்கே கொடுப்பதற்கும் அந்தச் சம்மதம் வேண்டும். கிறித்தவர் திருமணம் செய்தால் அதற்கு முன் எழுதிய உயில் தானாக ரத்தாகும், இந்துவுக்கு ஆகாது. கிறித்தவரின் உயிலில் சாட்சியாகக் கையெழுத்திட்டவருக்கோ அவரது துணைவருக்கோ எழுதிய பங்கு செல்லாது. இந்து உயிலுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது, ஆனாலும் பயன் பெறுபவரைச் சாட்சியாகப் போடாதீர்கள் என்று சொன்னது சந்தேகத்தைத் தவிர்க்கத்தான்.

அதிகம் பேருக்குத் தெரியாத இன்னொரு சேவை, மாவட்டப் பதிவாளரிடம் உயிலை முத்திரையிட்ட உறையில் ஒப்படைப்பது. பதிவுச் சட்டம் 42-ஆவது பிரிவு. உறையின் மேல் உங்கள் பெயரும் உள்ளே இருப்பது என்ன வகை ஆவணம் என்பதும் இருக்க வேண்டும். உள்ளே உள்ளதை யாரும் படிப்பதில்லை. விரும்பினால் திரும்பப் பெறலாம். இறந்தபின் ஒருவர் விண்ணப்பித்தால் அவர் முன்னிலையில் உறையைத் திறந்து, அவர் செலவில் 3-ஆம் புத்தகத்தில் பதிந்து, அசலை அங்கேயே வைத்துக்கொள்வார்கள். அசல் தொலையும், கிழித்துவிடுவார்கள் என்ற பயம் உள்ள குடும்பங்களுக்கு இது மிகப் பொருத்தம். வங்கி லாக்கரில் வைப்பவர்கள், அந்த லாக்கர் தனி ஒருவர் பெயரில் இருந்து நாமினியும் இல்லாமல் இருந்தால், உயிலை எடுக்கவே வங்கி வாரிசு ஆவணங்கள் கேட்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

உயில் நடைமுறைக்கு வரும் நாளில் என்ன நடக்கும்? சென்னை எல்லைக்குள் எழுதிய, அல்லது சென்னையில் உள்ள வீடு நிலத்தைக் குறித்த இந்து உயில்களுக்கு நீதிமன்றத்தில் புரொபேட், அதாவது உயில் உண்மையானது என்ற சான்று, வாங்குவது நெடுங்காலம் கட்டாயமாக இருந்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆவது பிரிவை நீக்கியதால் அந்தக் கட்டாயம் போய்விட்டது. ஆனாலும் வாரிசுகளுக்குள் கருத்து வேறுபாடு இருந்தால், விரும்பிப் புரொபேட் வாங்கி வைப்பது பின்னால் விற்கும்போது உதவும். மற்றபடி இறப்புச் சான்று, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், உயில் ஆகியவற்றோடு பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்கலாம். வாரிசு ஒருவர் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தால் வருவாய்த்துறை தீர்ப்புச் சொல்லாது, சிவில் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடும். சாட்சிகளின் முகவரி அன்றைக்குத்தான் பொன்னாகத் தெரியும்.

செட்டில்மெண்டா உயிலா என்று குழம்புகிற பெற்றோருக்கு ஒன்று. செட்டில்மெண்ட் கொடுத்த நாளிலேயே சொத்து கைமாறிவிடும். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையை அதில் எழுதியிருந்தால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆவது பிரிவின்கீழ் ரத்துக் கேட்கலாம். ஆனால் அதற்காக முதுமையில் தீர்ப்பாயத்துக்கு அலைய வேண்டும். உயிலில் அந்தக் கவலை இல்லை. கடைசி மூச்சு வரை வீடு உங்களுடையது, எழுதியதை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்.

மாற்றும்போது பழைய தாளில் அடித்துத் திருத்தாதீர்கள். திருத்தத்துக்கும் அதே கையெழுத்தும் சாட்சியும் இல்லாவிட்டால் செல்லாது. புதிதாக முழு உயிலே எழுதி, முதல் பத்தியில், "இன்ன சார்பதிவகத்தில் 3-ஆம் புத்தகம் இத்தனையாம் எண், இன்ன ஆண்டில் பதிந்த உயிலை இதன் மூலம் ரத்து செய்கிறேன்" என்று எண்ணோடு குறிப்பிடுங்கள். பதிந்த உயிலைப் பின்னால் வந்த பதியாத உயிலும் சட்டப்படி ரத்து செய்யும். அப்படியொன்று திடீரென்று முளைத்து வந்து வழக்காகாமல் இருக்க, முதலில் பதிந்தவர்கள் மாற்றத்தையும் பதிந்துவிடுவதே நல்லது. பிறகு, பழைய எண்ணை எழுதிக் கொடுத்து வைத்திருந்தவரிடம் புதிய எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.